கை ஓடுது, யோசனை ஓட மாட்டேங்குது! குரோஷாவில் புது டிசைன் போடும்போது நடப்பது என்ன?



குரோஷா பின்னத் தெரிந்தவர்கள் நம் குழுக்களில் பலர் இருக்கிறார்கள். வில்லியனூர் பக்கமும் சரி, பாகூர் பக்கமும் சரி, மதியம் சமையல் முடிந்து திண்ணையில் உட்கார்ந்தால் ஊசியும் நூலும் கைக்கு வந்துவிடும். செயின் போடுவது, சிங்கிள், டபுள், வட்டம், ஓரம் எல்லாம் அத்துப்படி. ஆனால் "புதுசா ஒண்ணு நீயே யோசிச்சுப் போடேன்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே, "அதெல்லாம் படிச்சவங்க வேலை அக்கா. யாராவது போட்டுக் காட்டினா அப்படியே போட்டுடுவேன்" என்று பதில் வரும்.

அப்படியே போடுகிறவருக்குக் கூலி கிடைக்கும். டிசைன் வைத்திருப்பவருக்கு விலை சொல்லும் உரிமை கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. அதனால்தான் இந்த இதழில் பின்னலைப் பற்றி இல்லாமல், டிசைன் யோசிப்பது பற்றி எழுதுகிறோம். அது ஒரு நாள் மேலே தூக்கும், மறுநாள் கீழே போட்டுவிடும். ஏன் அப்படி ஆகிறது என்று தெரிந்தால் பாதியில் விட்டுவிட மாட்டோம்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுவோம். குரோஷே என்றால் பிரெஞ்சு மொழியில் சின்னக் கொக்கி. பிரெஞ்சு தெரிந்த நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கொக்கிதான் இந்த வேலையின் மொத்தச் சொத்து. தறி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். அயர்லாந்தில் 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தபோது, வீட்டுப் பெண்கள் பலர் இந்தக் கொக்கியைப் பிடித்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். பூ, இலை, கொடி என்று தனித்தனியாகப் பின்னி, பிறகு வலைபோல் இணைப்பது அவர்கள் பாணி. நம் பக்கத்து ஆந்திராவில் நரசாபூருக்கு இந்தக் கலை 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் மூலம் வந்தது. அந்த ஊர்க் கதையில் நமக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது, பின்னால் சொல்கிறோம். (நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் தொடங்கிய லேஸ் வேறு வகை. அது கொக்கி இல்லாமல் தலையணைமேல் நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவது. பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள்.)

யோசனை எங்கிருந்து வரும்?

வாசலிலிருந்தே வரும். வேடிக்கையாகச் சொல்லவில்லை. குரோஷாவில் கட்டப் பின்னல் என்று ஒரு வகை உண்டு. ஒரு டபுள், இரண்டு செயின், மறுபடி ஒரு டபுள் என்று போட்டால் காலிக் கட்டம். அந்த இரண்டு செயினுக்குப் பதில் இரண்டு டபுள் போட்டால் அடைத்த கட்டம். காலிக் கட்டமும் அடைத்த கட்டமும் சேர்ந்தால் படம். இதற்குத் தேவை பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் ஒரு பென்சிலும்தான். நேர்ப்புள்ளி வைத்து நேர்கோடாக இழுக்கும் கோலங்கள் இந்தக் கட்டத்துக்குள் அழகாக உட்காரும். ஒயர் கூடை போட்டுப் பழகிய கைகளுக்கு இது இன்னும் சுலபம். சிவன் கண், பிஸ்கட் என்று எண்ணி எண்ணிப் போட்டவர்கள்தானே நாம்.

ஆனால் சிக்குக் கோலம் உட்காராது. வளைந்து வளைந்து போகும் கோட்டைக் கட்டத்துக்குள் அடைத்தால் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். இங்கேதான் முதல் சரிவு. ஆசையாக வரைந்த கோலம் நூலில் அசிங்கமாக நிற்கும். இரண்டு நாள் வேலை போச்சே என்று வரும். கோலத்தின் மேலும் தப்பு இல்லை, கையின் மேலும் தப்பு இல்லை. அந்தக் கோலத்துக்கு வேறு பின்னல் வேண்டும், அவ்வளவுதான். காலிக் கட்டமாக ஒரு வலையைப் பின்னி முடித்து, அதன்மேல் வேறு நிற நூலில் சங்கிலியாக ஓட்டினால் சிக்குக் கோலமும் வளைந்து கொடுக்கும்.

இன்னொரு விஷயம். நோட்டுக் கட்டம் சதுரம், நூல் கட்டம் அப்படி இருக்காது. சிலர் கையில் உயரமாக வரும், சிலர் கையில் அகலமாக வரும். நோட்டில் உருண்டையாக இருந்த பூசணிப்பூ, பின்னி முடித்ததும் புடலங்காய் மாதிரி நீண்டு நிற்கும்! அதனால் பத்துக் கட்டம் அகலம், பத்துக் கட்டம் உயரம் முதலில் பின்னி, ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டு முழுப் படத்தைத் தொடங்க வேண்டும்.

வட்டம் ஏன் கிண்ணம் ஆகிறது?

புதிதாக யோசிப்பவர்களை அதிகம் அழ வைப்பது வட்டம்தான். தட்டையாக வர வேண்டிய மேஜை விரிப்பு கிண்ணம் மாதிரிக் குழியும். அல்லது ஓரம் எல்லாம் அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும். "எனக்குக் கை ராசி இல்லை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறோம். ராசி எல்லாம் இல்லை, கணக்குதான்.

ஒவ்வொரு சுற்று ஏறும்போதும் வட்டத்தின் சுற்றளவு எவ்வளவு கூட வேண்டும்? பள்ளிக்கூடத்தில் படித்த பை ஞாபகம் இருக்கிறதா? ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு ஆறே கால் கூடும். சிங்கிள் பின்னலில் ஒரு தையலின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. அதனால் சுற்றுக்கு 6 தையல் கூட்ட வேண்டும். 6, 12, 18, 24 என்று போகும். முதல் சுற்று 6. அடுத்ததில் ஒவ்வொரு தையலிலும் இரண்டு. அதற்கு அடுத்ததில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு. பிறகு இரண்டு விட்டு மூன்றாவதில் இரண்டு. டபுள் பின்னல் இரு மடங்கு உயரம் என்பதால் அதற்குச் சுற்றுக்கு 12. இதைவிடக் குறைத்தால் கிண்ணம், கூட்டினால் அலை.

இந்த அலைக்கு ஒரு பெருமை உண்டு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டைனா டைமினா என்ற கணித ஆசிரியை 1997-ல் வேண்டுமென்றே அலை அலையாகப் பின்னினார். கணக்குப் பண்டிதர்கள் அதிபரவளையத் தளம் என்று சொல்லும் ஒரு வடிவம் உண்டு. அதைக் காகிதத்தில் செய்தால் கிழிந்து போகும். இந்த அம்மா ஒரே விகிதத்தில் தையலைக் கூட்டிக்கொண்டே போய் அதைக் கையில் பிடித்துப் பார்க்கிற பொருளாக ஆக்கிவிட்டார். அதைப் பார்த்து, ஆஸ்திரேலியாவில் பிறந்த மார்கரெட், கிறிஸ்டின் வெர்ட்தைம் என்ற அக்கா தங்கைகள் 2005-ல் கடலடிப் பவளப் பாறையையே நூலில் பின்ன ஆரம்பித்தார்கள். உலகம் முழுக்கப் பெண்கள் அதில் சேர்ந்துகொண்டார்கள். நாம் "வீணாப் போச்சு" என்று மூலையில் போட்ட அதே அலைதான். ஆகவே குழிந்துபோன வட்டத்தை உடனே பிரிக்காதீர்கள். ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மல்லிகைப் பூ வைக்கும் கிண்ணமாக, சின்னத் தொப்பியாக அது தானே வழி சொல்லும்.

பிரிக்கும் நாள்

எந்தப் புது டிசைனிலும் ஒரு கெட்ட நாள் வரும். முதல் நாள் உற்சாகம், ராத்திரித் தூக்கம் வராது. இரண்டாம் நாள் வேகம். மூன்றாம் நாள் பாதி முடிந்த பொருளைப் பார்த்தால் பிடிக்கவே பிடிக்காது. நிறம் ஒட்டாது, அளவு சரியில்லை என்று தோன்றும், வீட்டில் வேறு "இதை யார் வாங்கப் போறாங்க?" என்று ஒரு கேள்வி வரும். இது நமக்கு மட்டும் வருவதில்லை. வரைகிறவர், தைக்கிறவர், பொம்மை செய்கிறவர் எல்லோருக்கும் வரும்.

அன்றைக்கு முடிவு எடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பையில் போட்டு வையுங்கள். மறுநாள் காலை வெளிச்சத்தில், எட்டடி தள்ளி வைத்துப் பாருங்கள். டியூப்லைட்டில் நிறம் பொய் சொல்லும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பிரிக்கலாம். குரோஷாவில் ஒரு வசதி, ஊசியில் இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். அதை விட்டுவிட்டு நூலை இழுத்தால் சரசரவென்று மொத்தமும் வந்துவிடும். தறியில் நெய்த துணியில் இது நடக்காது. பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அப்படியே பின்னினால் தையல் மேடும் பள்ளமுமாக வரும். நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் நனைத்து நிழலில் தொங்க விடுங்கள். பருத்தி நூல் என்றால் பழையபடி நேராகிவிடும்.

நூல் என்றதும் ஒரு வார்த்தை. ஏ.எஃப்.டி. மில் 2020-ல் மூடப்பட்டது, சுதேசி, பாரதி மில்களும் இன்று ஓடவில்லை. நூலுக்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு நாம் வெளியூர் நூலை வாங்கிப் பின்னுகிறோம். போகட்டும். நம் வெயிலுக்கும் கடல் காற்றுக்கும் பருத்திதான் சரி. உல்லன் ஸ்வெட்டர் டிசைன் எவ்வளவு அழகாக இருந்தாலும் புதுச்சேரியில் போடுவதற்கு ஆள் வேண்டுமே! ஆனால் பருத்தி முதல் சலவையில் சுருங்கும். அதனால் மாதிரித் துண்டு பின்னினால், துவைத்து உலர்த்திய பிறகே அளக்க வேண்டும்.

பத்துப் பேர் கை, பத்து அளவு

தனியாகப் பின்னும்வரை டிசைன் நம் மனசில் இருந்தால் போதும். குழுவாக ஆர்டர் எடுக்கும்போது அது போதாது. ஆறு தட்டு விரிப்பு கொண்ட ஒரு செட்டை மூன்று பேர் பிரித்துக்கொண்டு பின்னினால், ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக வரும். ஒருவர் இறுக்கிப் பிடிப்பார், ஒருவர் தளர விடுவார். அதே நூல், அதே ஊசிதான், ஆனாலும் அளவு மாறும்.

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற பெண்கள் குழு உலகிலேயே பெரிய குரோஷா போர்வையைச் செய்து கின்னஸ் சாதனை படைத்தது. பரப்பளவு 11,148.5 சதுர மீட்டர். ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர்! அந்தக் குழுவைத் தொடங்கியவர் சுபஸ்ரீ நடராஜன். பல ஊர்களில் இருந்த பெண்கள் அவரவர் வீட்டில் பின்னிய துண்டுகளைக் கொண்டுவந்து இணைத்தார்கள். ஒவ்வொருவர் துண்டும் சொன்ன அளவில் வராவிட்டால் இணைப்பது எப்படி? அழகு அப்புறம்தான், முதலில் அளவு.

அதற்கு வழி இதுதான். ஆர்டர் தொடங்குமுன் எல்லோரும் ஒரே நூலில் 10 சென்டிமீட்டர் சதுரம் பின்ன வேண்டும். அதற்குள் எத்தனை தையல், எத்தனை வரிசை என்று எண்ண வேண்டும். யாருக்குத் தையல் அதிகம் வருகிறதோ அவர் இறுக்கிப் பின்னுகிறார், ஒரு அளவு பெரிய ஊசி கொடுங்கள். குறைவாக வந்தால் சின்ன ஊசி. "உன் கையை மாத்திக்கோ" என்று சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். ஊசியை மாற்றுவது சுலபம்.

டிசைனை நோட்டில் எழுதியும் வைக்க வேண்டும். ஊசி எத்தனை மில்லிமீட்டர், நூல் எந்த வகை, எத்தனை கிராம், ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை தையல், எத்தனை மணி நேரம் ஆனது எல்லாமே. எழுதாத டிசைன் அடுத்த மாதம் நம் கைக்கே திரும்ப வராது. எழுதும்போது ஒரு குழப்பத்தைக் கவனியுங்கள். இங்கிலாந்துப் புத்தகத்தில் 'டபுள்' என்று போட்டிருப்பது அமெரிக்கர்களுக்கு 'சிங்கிள்'. அமெரிக்க 'டபுள்' இங்கிலாந்தில் 'ட்ரெபிள்'. பழைய புத்தகத்தைப் பார்த்து ஒருவரும் யூடியூபைப் பார்த்து ஒருவரும் பின்னினால் ஒரே பூ இரண்டு உயரத்தில் வரும். (இந்தக் கட்டுரையில் சொன்னதெல்லாம் அமெரிக்க முறை.) குழுவில் எந்த முறை என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

நரசாபூர் சொல்வது

மரியா மீஸ் என்ற ஜெர்மன் நாட்டுப் பெண் ஆய்வாளர் நரசாபூரில் தங்கி, அங்கே லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியான லேஸ் அது. வியாபாரிகள் வீடு கட்டினார்கள். பின்னிய பெண்கள் தினம் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் உழைத்தும் ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. ஏன்? "இவங்க வீட்டுப் பெண்கள், சும்மா இருக்கிற நேரத்துல பின்றாங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். பெண்களும் அதையே நம்பினார்கள். ஒருவர் பூ பின்னுவார், இன்னொருவர் இணைப்பார். முழுப் பொருள் எங்கே போகிறது, என்ன விலை என்பது பின்னியவர்களுக்குத் தெரியாது. நரசாபூர் குரோஷா லேசுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் கிடைத்ததே, அதே குறியீடுதான். சந்தோஷம். ஆனால் குறியீடு ஊர்ப் பெயரைக் காப்பாற்றும். மணி நேரத்துக்கு எவ்வளவு என்ற கணக்கை நாம்தான் போட வேண்டும்.

போட்டுப் பார்ப்போமா? உதாரணத்துக்கு ஒரு தோள் பை. நூல் 200 கிராம், கிலோ 600 ரூபாய் என்றால் 120 ரூபாய். உள்துணி, பட்டன் 40 ரூபாய். பின்ன 9 மணி நேரம், மணிக்கு 50 ரூபாய் என்று வைத்தால் 450. ஆகமொத்தம் 610. இத்தோடு முடியவில்லை. டிசைன் யோசித்து, பின்னி, பிரித்து, மறுபடி பின்னியதற்கு 12 மணி நேரம் ஆகியிருந்தால் அதுவும் 600 ரூபாய் உழைப்பு. அதை ஒரே பையின் தலையில் கட்ட முடியாது. 20 பை போடப் போகிறோம் என்றால் பைக்கு 30 ரூபாய். ஸ்டால், பஸ், கூட்டமைப்புப் பங்கு என்று பத்து சதவீதம் சேர்த்தால் 704. எழுநூறு ரூபாய் என்று சொல்லலாம்.

வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து "முந்நூத்தி அம்பதுக்குத் தர்றீங்களா, நூறு பை எடுத்துக்கறேன்" என்பார். நூறு என்றதும் மனசு தடுமாறும். நூலும் துணியும் 160 போனால் மீதி 190. அதை 9 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 21 ரூபாய். யோசித்ததற்கும் பஸ்ஸுக்கும் ஒன்றுமே இல்லை.

இங்கே கூலியைக் குறைத்துக்கொள்வது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, டிசைனை மாற்றுவது. 350 ரூபாய்தான் கிடைக்கும் என்றால் 350 ரூபாய்க்குள் முடிகிற பொருளை யோசிக்க வேண்டும். பை முழுவதும் துணியில் தைத்து, வாய் ஓரத்தில் மட்டும் குரோஷா கரை போடலாம். துணி 80, நூல் 40 கிராம் 24 ரூபாய், தையல், பின்னல் இரண்டும் சேர்த்து 4 மணி நேரம் 200 ரூபாய். மொத்தம் 304. பத்து சதவீதம் சேர்த்து 334. கூலி குறையவில்லை, பொருள் மாறியது. டிசைன் என்றால் பூ எங்கே வைப்பது என்பது மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு 2005-ல் ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் உபாசனா டிசைன் ஸ்டூடியோ மீனவப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த 'சுனாமிகா' பொம்மையைப் பலர் பார்த்திருப்பீர்கள். விரல் நீளப் பொம்மை. தையல் வேலையில் மிஞ்சிய துண்டுத் துணிதான் மூலப்பொருள். குரோஷா இல்லை என்றாலும் யோசித்த விதத்தைப் பாருங்கள். துக்கத்தில் இருக்கும் பெண் ஒரே நாளில் முடித்துக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய அளவு. செலவில்லாத சரக்கு. அதை விற்காமல் பரிசாகக் கொடுத்து, கொடுப்பவர் விரும்பும் நன்கொடையில் நடத்தினார்கள். செய்கிறவரின் நிலைமையையும் சேர்த்து யோசித்த டிசைன் அது.

யாருடைய டிசைன்?

யூடியூபில் பார்த்துக் கற்பதில் தப்பில்லை. தையலும் பின்னலும் யாருக்கும் தனிச் சொத்து இல்லை. ஆனால் ஒருவர் எழுதி விற்கும் டிசைன் குறிப்பை ஜெராக்ஸ் எடுத்து விற்பது வேறு. சினிமா, கார்ட்டூன் உருவங்களைப் பொம்மையாகப் பின்னி விற்பதும் சிக்கல்தான். இப்போது 'அமிகுருமி' என்ற ஜப்பானிய பாணிப் பஞ்சு பொம்மைகளுக்கு நல்ல கேட்பு இருக்கிறது. கார்ட்டூனுக்குப் பதில் ஊசுட்டேரி நாரையும் பாகூர் ஏரிக் கொக்கும் போடுங்களேன், யார் கேட்கப் போகிறார்கள்? மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கான பொம்மை என்றால் பிளாஸ்டிக் கண் வைக்காமல் நூலிலேயே கண் தையுங்கள். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

நமக்குள் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு குழு போட்ட பூ நன்றாக விற்றால் அடுத்த விற்பனையில் நான்கு மேஜையில் அதே பூ. விலையைக் குறைத்துக் குறைத்து நான்கு பேருக்கும் நஷ்டம். "என் டிசைனை அவங்க எடுத்துட்டாங்க" என்று பேச்சே நின்றுபோன குழுக்கள் உண்டு. யோசித்த குழுவின் பெயரையும் தேதியையும் எழுதி, ஒரு மாதிரித் துண்டை நூலால் தைத்து, கூட்டமைப்பின் டிசைன் நோட்டில் வைத்துவிட்டால் யாருடையது என்பதில் சண்டை இல்லை. மற்ற குழு அதைப் போட விரும்பினால் கேட்டுவிட்டுப் போடலாம், பைக்கு இத்தனை ரூபாய் யோசித்த குழுவுக்கு என்று பேசிக்கொள்ளலாம். மேலே கணக்கில் வந்த அந்த 30 ரூபாய் இருக்கிறதே, அதிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.